மாதுளை வைக்கும் தேதி

ஃபால்மத்
14 அக்டோபர் 2018

அன்புள்ள கிளிஃப்,

முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் வரப்போவது வானொலிக்குத் தெரியும் முன்பே உன் முழங்காலுக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்துவிட்டாய் என்றால், மிச்சத்தையும் படித்துவிடு.

நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுத் தொடர் தொடங்குகிறது. எட்டு வாரம். எட்டாம் ஹென்றியும் அவனுடைய முதல் ராணி கேதரினும். விளம்பரத்தில் பார்த்தேன். ராஜா ஒல்லியாக இருக்கிறான், பல்லெல்லாம் பளபளக்கிறது. உடனே உன் ஞாபகம் வந்தது. அப்பா வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலத்துல ஏதுடா உருளைக்கிழங்கு!" என்று டிவியைப் பார்த்து நீ கத்துவாய். "நீ வாய மூடலைன்னா நான் டிவிய மூடிருவேன்" என்று அப்பா கத்துவார். எனக்கு நாடகத்தைவிட அதுதான் பிடிக்கும்.

நீ அங்கே பார், நான் இங்கே பார்க்கிறேன். ஒவ்வொரு வாரமும் அவர்கள் செய்த தப்பையெல்லாம் எனக்கு எழுது. டாக்டர் என்னை ஓரிடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார். அதனால் படிக்க நேரம் இருக்கிறது.

வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றிக்கொண்டு போ.

பெரில்


பீட்டர்பரோ
22 அக்டோபர் 2018

பெரில்,

நான் நலம். முழங்கால் இருந்தபடி இருக்கிறது. நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

உன் கடிதம் மூன்று நாள் மேஜைமேல் கிடந்தது. எனக்கு அவசரம் இல்லை.

நீ மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். செங்கல் சூளையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேதரின் ராணியைப் புதைத்த ஊரில் பிறந்து, அவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சாகக்கூடாது என்று படித்தேன். நீ படங்களை வெட்டி ஒட்டும் மேஜையில் வேலை பார்த்தாய். உன் கம்பெனி அவளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, என் அண்ணனைக் கேளுங்கள் என்று சொன்னதும் நீதான். வந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேராலயத்துக்குள் என்னை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போனேன். தெரு முழுக்கச் சொன்னேன்.

ஒரு மணி நேரப் படம். அதில் நான் நான்கு வினாடி. அதிலும் முகம் இல்லை. ராணியின் கல்லறைமேல் அவள் சின்னமான மாதுளம்பழத்தை வைக்கும் இரண்டு கை. பெயர் இல்லை. படத்தை நடத்திய அந்தப் பேராசிரியர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டியது நீ. ஏன் என்று கேட்டேன். "பொருந்தலை கிளிஃப்" என்றாய். ஒரு வார்த்தை.

தொடரை எப்படியும் நான் பார்ப்பேன். தப்புகளை எப்படியும் குறித்துவைப்பேன். உனக்கு வேண்டுமென்றால் அனுப்புகிறேன். தொலைபேசியில் கூப்பிட முயல வேண்டாம், இணைப்பையே எடுத்துவிட்டேன். உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று தினமும் ஒருவன் கூப்பிட்டான். என்னிடம் கம்ப்யூட்டரே இல்லை.

கிளிஃபர்ட் ஸ்பென்ட்லவ்


ஃபால்மத்
6 நவம்பர் 2018

அன்புள்ள கிளிஃப்,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வங்கி மேலாளருக்கு எழுதியது மாறி எனக்கு வந்துவிட்டதோ என்று பார்த்தேன். சுகமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எனக்கு இப்போது சூப்தான் இறங்குகிறது. சூப்பும் நல்லதுதான்.

முதல் வாரம் பார்த்தேன். கேதரின் படி இறங்கும்போது அவள் கவுனின் முதுகில் ஜிப் தெரிந்தது. நீ எழுந்து நின்றிருப்பாய். நானும் எழுந்திருக்கப் பார்த்தேன்.

அந்தப் படத்தைப் பற்றி நீ கேட்டாய். என்னிடம் அன்றைக்கு இருந்த பதில்தான் இன்றைக்கும் இருக்கிறது. பொருந்தவில்லை. அதை விட்டுவிட்டு எனக்கு இரண்டாம் வாரத்தின் தப்புகளை எழுது. நிறைய எழுது.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் பெரில்


பீட்டர்பரோ
13 நவம்பர் 2018

பெரில்,

நான் சாப்பிடுகிறேன். நீ சூப்பை மட்டும் நம்பாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டில் பிடிவாதம்.

ஜிப்பைப் பார்த்தேன். எழுந்துதான் நின்றேன். இரண்டாம் வாரம் இன்னும் மோசம். கழுத்தில் மடிப்பு மடிப்பாகப் பட்டை அணிந்திருக்கிறான் ஒரு பிரபு. அது வர இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது. அரண்மனை விருந்தில் வறுத்த உருளைக்கிழங்கு. ஒரு காவலன் புகை பிடிக்கிறான். புகையிலையை இந்த நாட்டில் ஒருவனும் கண்டிராத காலம். கம்பெனிக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன். போன தொடருக்கு எழுதியதற்கே இன்னும் பதில் வரவில்லை.

சந்தையில் பழக்கடை கார்மேலா உன்னை விசாரித்தாள். அவள் அப்பாவும் என்னோடு சூளையில் வேலை பார்த்தவர், ஞாபகம் இருக்கும். மாதுளையை இப்போதே சொல்லிவைக்கப் போனேன்.

"ராணிக்கு ஒண்ணுதானா? உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா அந்தம்மா கோவிச்சுக்குமா?" என்றாள்.

"பிப்ரவரி எட்டுக்கு வேணும். கெட்டுப்போகாததா வேணும்."

"ஊரே ஜனவரி இருபத்தொன்பதுக்குக் கேக்குது. உங்க ஒருத்தருக்கு மட்டும் ராணி ரெண்டாவது தடவை சாகுறா."

ஊருக்குத் தெரியாது. ராணியைப் புதைத்தது ஜனவரி 29 என்று பழைய ஏட்டில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அன்றைய நாட்காட்டி பத்து நாள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. சூரியக் கணக்குப்படி அது பிப்ரவரி 8. நாற்பது வருடமாக அந்தத் தேதியில்தான் வைக்கிறேன். தனியாகத்தான் வைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கிளிஃப்


மலைமேல் இல்லம், ஃபால்மத்
29 நவம்பர் 2018

அன்புள்ள கிளிஃப்,

நலமா? விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஒரு மேட்டின்மேல் இருக்கிறது, ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறது. இங்கே மோர்வென்னா என்று ஒருத்தி இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள். என் கை கொஞ்சம் ஓய்வு கேட்கிறது. அவள் நர்ஸ் என்றாலும் எழுத்துப்பிழை விடுவதில்லை. (இதையும் என்னையே தட்டச்சு செய்யச் சொல்கிறார். மோ.)

இப்போதெல்லாம் தொடரை நாங்கள் ஏழு பேர் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். போன வாரம் ஆறு பேர்தான். உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். பக்கத்து அறை டென்சில், கப்பல் கட்டுமிடத்தில் வேலை பார்த்தவர், "உருளைக்கிழங்குக்கே இவ்வளவு கோவமா? இந்த ஆளு பொண்டாட்டி பாவம்" என்றார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். "பின்ன, எப்படி ஆகும்?" என்றார்.

எல்லோரும் உன் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். நான் அவர்களைவிட அதிகமாக.

பனியில் மெல்ல நட.

பெரில்


பீட்டர்பரோ
10 டிசம்பர் 2018

பெரில்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் கடல்காற்று ஒத்துக்கொள்ளும்.

இரண்டு விஷயம். முதலாவது, சொந்த அண்ணனுக்குத் தட்டச்சுக் கடிதம். ஐந்து நிமிடம் பேனா பிடிக்க உன்னால் முடியவில்லை. கடல் பார்த்த அறை, பணிவிடைக்கு ஆள், சிரிக்கக் கூட்டம், எல்லாம் அமைந்துவிட்டது. என் கடிதம் ஒரு வேடிக்கையாகிவிட்டது. இருக்கட்டும்.

இரண்டாவது, நேற்றைய வாரம். கேதரின் சாகிறாள். தனியாகச் சாகிறாள். மெழுகுவர்த்தி, வயலின், ஒரு கண்ணீர்த்துளி. அவ்வளவுதான். மரியா எங்கே? ஸ்பெயினிலிருந்து அவளோடு வந்த தோழி மரியா எங்கே போனாள்? ராஜா அவர்களைப் பிரித்து வைத்திருந்தான். பார்க்க அனுமதி இல்லை. ராணிக்கு முடியவில்லை என்று கேட்டதும் அந்தப் பொம்பளை புத்தாண்டுக் குளிரில், சேற்றில், குதிரையில் வந்தாள். வாசலில் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். "வந்துக்கிட்டிருக்கு. நான் குதிரையிலிருந்து விழுந்துட்டேன், முதல்ல உள்ள விடுங்க" என்று பொய் சொல்லி உள்ளே நுழைந்தாள். ஆறு நாள் கழித்து ராணியின் உயிர் அவள் கையில்தான் போனது. கதையில் அதைவிடப் பெரிய இடம் எது? அதை வெட்டிவிட்டார்கள். வெட்டும் மேஜையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றுதான்.

கிளிஃப்


மலைமேல் இல்லம், ஃபால்மத்
17 டிசம்பர் 2018

அன்புள்ள கிளிஃப்,

இந்தக் கடிதம் என் கையால். கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே, இரண்டு நாளாக எழுதுகிறேன். சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

மரியா வரவில்லை என்று நானும் பார்த்தேன். கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எத்தனை நாள் சவாரி செய்திருப்பாள்? நீயாக இருந்தால் வந்திருப்பாயா?

பீட்டர்பரோவிலிருந்து இங்கே ஏழெட்டு மணி நேரம். சேறு கிடையாது. ரயிலில் டீ கிடைக்கும்.

கிளிஃப், ஜனவரி 29 அன்று வருகிறாயா? என்னால் ராணியிடம் வர முடியாது. நீ ஒரு மாதுளையை இங்கே கொண்டுவந்து என் ஜன்னலில் வை. உன் தேதி எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை ஊரின் தேதிக்கு வா.

போர்வையை இரண்டாகப் போட்டுக்கொண்டு தூங்கு.

பெரில்


பீட்டர்பரோ
28 டிசம்பர் 2018

பெரில்,

சளி இல்லை. உன் எழுத்து உண்மையிலேயே கேவலமாக இருக்கிறது. மேஜையில் வைத்து எழுது, மடியில் வைத்து எழுதாதே.

மரியாவுக்கு இரண்டு நாள், அல்லது மூன்று. லண்டனிலிருந்து அறுபது மைல், குளிர்காலப் பாதை.

வருகிறேன். நீ கூப்பிட்டு நான் வரவில்லை என்று இருக்கக்கூடாது. ஆனால் 29 அன்று வரமாட்டேன். தப்பான தேதி தப்பான தேதிதான், ஒரு தடவை என்ன, நூறு தடவை என்ன. நாற்பது வருடம் நான் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உனக்காக வளைந்தால் ஊர் சொன்னது சரியாகிவிடும். பிப்ரவரி 8 வருகிறேன். பத்து நாளில் ராணியும் எங்கும் போய்விடமாட்டாள், நீயும் எங்கும் போய்விடமாட்டாய்.

தொடர் முடிந்துவிட்டது. மொத்தம் நூற்றுப் பதினாறு தப்பு.

கிளிஃப்


மலைமேல் இல்லம், ஃபால்மத்
7 ஜனவரி 2019

அன்புள்ள கிளிஃப்,

சரி. பிப்ரவரி 8.

நான் முயற்சி செய்கிறேன்.

நூற்றுப் பதினேழு. ராஜாவின் பல்லை நீ சேர்க்கவில்லை.

பெரில்


பீட்டர்பரோ
30 ஜனவரி 2019

அன்புள்ள பெரில்,

எப்படி இருக்கிறாய்? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எழுதவில்லை, நேரில்தான் பார்க்கப்போகிறோமே என்று. ராஜாவின் பல்லை ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். ஜன்னலோரம். கார்மேலா இரண்டு மாதுளை எடுத்துவைத்திருக்கிறாள். "தங்கச்சிக்குக் கொண்டுபோறதுன்னா இது என்னோடது" என்று பெரியதாக ஒன்றைக் கையில் திணித்தாள். ராணிக்கு வைப்பதை இந்த வருடம் மறுநாள் வைக்கவேண்டியிருக்கும். நாற்பது வருடத்தில் முதல் தடவை. உனக்காகத்தான், தெரிந்துகொள்.

நேற்று பேராலயத்துக்குச் சும்மா பார்க்கப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் பழங்கால உடுப்பில். கல்லறைமேல் மாதுளை குவிந்து கிடந்தது. வழிகாட்டி பாலின் என்னைப் பார்த்துவிட்டாள்.

"மிஸ்டர் ஸ்பென்ட்லவ், வழக்கம்போல பத்து நாள் லேட்டா வருவீங்கன்னு நினைச்சேன்."

"லேட் இல்லம்மா. நீங்கதான் பத்து நாள் முந்திட்டீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இதை டென்சிலுக்குப் படித்துக் காட்டு.

இன்னும் ஒன்பது நாள். வந்ததும் நான் அந்த நான்கு வினாடியைப் பற்றிக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் டீ குடித்த பிறகு கேட்கிறேன்.

உன் கிளிஃப்


மலைமேல் இல்லம், ஃபால்மத்
2 பிப்ரவரி 2019

மதிப்புக்குரிய திரு. ஸ்பென்ட்லவ் அவர்களுக்கு,

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை வியாழக்கிழமை, 31ஆம் தேதி காலையில் இறந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். வலி இல்லை.

இது கடைசி நாட்களைக் கழிக்க வருகிறவர்களுக்கான இல்லம். அதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "தெரிஞ்சா ஓடி வந்துருவான் மோர்வென்னா. நோவுக்காக வர்றவன் எனக்கு வேண்டாம். நான் கூப்பிட்டேன்னு வரட்டும்" என்றார். உங்கள் டிசம்பர் 28 கடிதம் வந்தபோது நான் அவரோடு சண்டை போட்டேன். "எங்க வீட்டுல பிடிவாதம் அவனுக்கு மட்டும்னு நெனச்சியா?" என்று சிரித்தார். சத்தியத்தை மீறி நான் எழுதியிருக்க வேண்டும். அது என்னோடு இருக்கும்.

29ஆம் தேதி தலைசீவிவிடச் சொன்னார். நீலக் கம்பளிச்சட்டை போட்டுவிடச் சொன்னார். நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பச் சொன்னார். அண்ணன் எட்டாம் தேதிதானே வருகிறார் என்றேன். "தெரியும். ஆனா குதிரையிலேர்ந்து விழுந்துட்டேன்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்தாலும் வருவான்" என்றார். நான்கு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி, படுக்க வை. தேதிச் சண்டையில அவன்தான் ஜெயிச்சான்" என்றார்.

30ஆம் தேதி முத்திரையோடு உங்கள் கடிதம் நேற்று வந்தது. பிரிக்கவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். அடக்கத்தை எட்டாம் தேதி வைக்கச் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் நீங்கள் வருவீர்கள் என்பதால். நான் ரயில் நிலையத்துக்கு வருகிறேன்.

உறையில் ஒரு டிஸ்க் இருக்கிறது. பதினொரு வருடமாக வைத்திருந்தாராம். தான் போன பிறகு உங்களிடம் கொடுக்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோர்வென்னா ட்ரெகியர்


பீட்டர்பரோ
30 ஜனவரி 2020

அன்புள்ள மோர்வென்னா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி எழுதுவதோடு நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிட்டேன், அதனால் உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? டென்சிலின் மகள் எழுதுகிறாளா? போன வருடம் ஸ்டேஷனிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நீங்கள் என் கையை விடவில்லை. கையில் மாதுளை இருந்ததால் நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த டிஸ்க்கை ஒரு வருடம் நான் தொடவில்லை. இந்த மாதம் கார்மேலாவின் வீட்டில் போட்டுப் பார்த்தோம்.

அன்று எடுத்த மொத்தமும் அதில் இருந்தது, வெட்டாமல். நான் சூட்டில் நிற்கிறேன். பேசுகிறேன். ஸ்பானியப் பெயர்களை எல்லாம் தப்பாகச் சொல்கிறேன். புத்தகத்தில் படித்தவன், காதால் கேட்டதில்லை. என் பின்னால் அந்தப் பேராசிரியர் ஆட்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். பத்து நாள் கணக்கை விளக்குகிறேன். "அப்போ எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நீங்க மட்டும் வந்து நிப்பீங்களா?" என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன், பெருமையாக. கேமராவுக்குப் பின்னால் ஒருவன் அடக்க முடியாமல் சிரிக்கிறான். இன்னொரு குரல், "கிழவன் தங்கச்சுரங்கம்டா. ஒண்ணுகூட விடாமப் போடு. நாடே சிரிச்சுச் சாகட்டும்" என்கிறது. பிறகு பெரிலின் குரல்.

"அது என் அண்ணன்."

அங்கே நிற்கும் எனக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்லறையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் இருபது நிமிடம். அதில் சிரிப்பு கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான். நான் பேச்சை நிறுத்திக் குனிந்து பழத்தை வைக்கும் இடம். நான்கு வினாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

கார்மேலா என் தோளில் கை வைத்து, "ஏதாவது சொல்லுங்க" என்றாள். டிஸ்க்கை எடுத்து உறைக்குள் வைத்தேன். பொருந்தவில்லை என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பதினொரு வருடம் என் கோபத்தைத் தாங்கினாள். நான் அவளுக்குப் பத்து நாள் விட்டுக்கொடுக்கவில்லை.

ராணியைப் புதைத்த நாள் சூரியக் கணக்குப்படி பிப்ரவரி 8தான். அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். யார் கேட்டாலும் நிரூபிப்பேன். ஆனால் நேற்று, 29ஆம் தேதி போனேன்.

பாலின் என்னையும் என் கையில் இருந்த பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மிஸ்டர் ஸ்பென்ட்லவ்... இன்னிக்கா?"

"இன்னிக்குத்தாம்மா."

அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகளை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள்.

கல்லறைப் பக்கத்தில் கேமராவோடு மூன்று பேர் நின்றார்கள். ஹென்றியின் ஆறு ராணிகளைப் பற்றி மறுபடியும் ஓர் ஆவணப்படமாம். ஒரு பெண் ஓடி வந்தாள். "ஐயா, நாற்பது வருஷமா வர்றீங்களாமே, ராணியைப் பத்தி நிறையத் தெரியுமாமே, ரெண்டு வார்த்தை பேசுறீங்களா? உங்க பேரையும் போடுறோம்" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"பேச ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "வேணும்னா, வைக்கும்போது கையை மட்டும் எடுத்துக்கோ."

இத்துடன் ஒரு மாதுளை அனுப்பியிருக்கிறேன், வைக்கோலில் சுற்றி. தேதி பார்க்க வேண்டாம். வந்து சேரும் அன்றைக்கே பெரிலின் ஜன்னலில் வைத்துவிடுங்கள்.

கிளிஃப்